மூன்று சிட்டிகை உப்பு

மாப்பிள்ளைக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். நேற்று சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். கோபமில்லை.

பேத்தியைக் கையோடு கூட்டிவரத்தான் வந்தேன். என் மகள் கண்ணை மூடி நான்கு மாதமாகிறது, பிள்ளைக்கு யார் பொங்கிப் போடுவது என்ற கவலை எனக்கு. உள்ளே வந்தால் நீங்கள் அடுப்படியில் தக்காளி வதக்கிக்கொண்டிருக்கிறீர்கள். பேத்தி ஸ்டூல்மேல் ஏறி நின்று உங்களை அதட்டுகிறாள்.

"அப்பா, நீ உப்பு போடாத! உன் கை பெரிசு. அம்மாவோட ஒரு சிட்டிகைன்னா எனக்கு மூணு. எத்தனை நாள் சமையலைக் கெடுத்துக் கண்டுபிடிச்சோம்!"

"சரிங்க மேடம்," என்றீர்கள்.

முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, முதல் கரண்டியை என் தட்டில் வைத்தீர்கள். குறை சொல்லத்தான் வாயில் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் மகள் சமைத்தது மாதிரியே இருந்தது. மாதிரி என்ன, அவள் கையேதான்.

அவளுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். சமையலில் யாருக்கும் விட்டுக்கொடுத்தவள் இல்லை. இந்த நான்கு மாதமாக எத்தனையோ தடவை செய்து பார்த்தேன், என் கைக்கு அந்த ருசி வரவில்லை. பணிமனையில் ஸ்பானர் பிடிக்கிற நீங்களும் எட்டு வயசுப் பொடிசும் சேர்ந்து அதை எப்படித்தான் பிடித்தீர்களோ! மலைப்பு இன்னும் அடங்கவில்லை.

பிள்ளை உங்களிடமே இருக்கட்டும். இனி அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன்.

பள்ளி லீவுக்கு இரண்டு பேரும் இங்கே வாருங்கள். என் அடுப்பை இதுவரை யாரிடமும் விட்டதில்லை. நீங்கள் சமையுங்கள், நான் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அத்தை