இராமையாவின் சாவுக் காசு

அறிவித்தல்: நம் வீட்டுக் கறுப்புக் குடை செவ்வாய்க்கிழமைக் காற்றில் கம்பிகள் முறிந்து காலமானது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருகிறோம். அன்னாரின் பூதவுடல் கோழிக்கூட்டுக் கூரையில் நல்லடக்கம் செய்யப்பட்டது. (அக்கா, இது நான், மதுரன். அப்பா வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். மேலே உள்ள அறிவித்தலும் அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாமும் என் சரக்கு. இனி அப்பா.)

அன்பு மகள் சர்மிளாவுக்கு, கந்தப்பளை மழையில் நாங்கள் நனைந்தாலும் நலம், கத்தார் வெயிலில் நீ வாடாமல் இருக்க மாரியம்மன் துணை. அம்மா முழங்கால் வலியோடுதான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்வருகிறாள், நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது. போனில் சொன்னால் சிக்னல் போய்விடும், பாதிக் கதையைக் கேட்டுவிட்டு நீ பயப்படுவாய், அதனால் வியாழக்கிழமை அங்கே வேலைக்கு வரும் நம் தோட்டத்துச் சுகந்தனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த மரணாதார சங்கத்துப் பொருளாளர் வேலை எனக்கு அலுத்துவிட்டது மகளே. (பொருள் பெட்டிக்குள், ஆள் கட்டிலில். அதனால்தான் பொருளாளர்.) தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால்தான் எனக்கு வேலை, சவப்பெட்டிக்கும் தப்பு மேளத்துக்கும் தேத்தண்ணிச் செலவுக்கும் சங்கத்துக் காசை எடுத்துக் கொடுத்துவிட்டு, அழுகிற வீட்டில் நின்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். சும்மா ஒரு வீட்டுப் பக்கம் போனாலும், என்னங்க, இப்ப யாருக்காக வந்திருக்கீங்க என்று சிரிக்கிறார்கள், சிரிப்புத்தான், ஆனாலும் உட்காரச் சொல்வதில்லை. கீழ் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற இராமையாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் சும்மா வெட்டுவார்களாம், உள்ளே வைக்கிற லென்ஸை மட்டும் வெளியே வாங்கி வரச் சொன்னார்களாம். மனிதர் மாதக்கணக்காக என் வாசலில்தான். சங்கம் தொடங்கின நாள்ல இருந்து சந்தா கட்டுறேன், செத்த பொறவு குடுக்கிறத இப்பவே குடுங்க, எனக்குப் பெட்டியும் வேணாம் தப்பும் வேணாம், சாக்குல சுத்திப் போட்டாலும் பரவால்ல, கண்ணு தெரிஞ்சு போறேன் என்கிறார். காசுப் பெட்டியைச் சாவுக்கு மட்டும்தான் திறக்கலாம் என்பது சங்கத்து விதி. இவருக்குத் திறந்தால் நாளைக்கு ஒருவன் பல்லுக்கு வருவான், இன்னொருவன் கூரைத் தகரத்துக்கு வருவான், அப்புறம் நிஜமாகச் செத்தவனுக்குப் பெட்டி இருக்காது. ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் படியைக் காலால் தடவித் தடவி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன சனிக்கிழமை உன் தம்பி செய்த காரியத்தை அவன் கையாலேயே எழுத வைக்கிறேன். இராமையாவின் படத்தைப் போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று நோட்டீஸ் அடித்து, பஸ் தரிப்பிடத்திலும் கோயில் சுவரிலும் ஒட்டிவிட்டான். (படம் அழகாக வந்திருந்தது. தாத்தாவே மூக்கு இடிக்கிற மாதிரிக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, யாருப்பா இந்த மாப்பிள்ளை என்று கேட்டார்.) மறுநாள் காலையிலேயே மேல் டிவிசன் ஆட்கள் விறகும் சீனியும் தேயிலையும், வீட்டுக்கு வீடு சேர்த்த காசுமாக வந்துவிட்டார்கள். தப்புக்காரர்கள் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். சத்தம் கேட்டு இராமையா வெளியே வந்து, யாருங்க போயிட்டாங்க என்று கேட்கிறார். நோட்டன் பிரிட்ஜில் கட்டிக்கொடுத்த அவர் மகள் வேலாயி, யாரோ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு பஸ் மாறி பஸ் மாறி, மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். அப்பன் ரொட்டி தின்றுகொண்டிருப்பதைக் கண்டதும் அப்படியே முற்றத்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அழுகையை என்னால் கேட்க முடியவில்லை. எந்தப் பாவி செஞ்சான் என்று கத்தினாள். (நான் அசரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போய், நான்தான் என்று நின்றேன். சொட்டுக் கண்ணீர் இல்லை.)

அதற்கப்புறம்தான் சிக்கல். சாவு வீட்டுக்கென்று கொண்டுவந்ததை யாரும் தன் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போக மாட்டார்கள், உனக்குத் தெரியும்தானே. எடுத்துக்கிட்டுப் போங்க என்று கெஞ்சினேன். சாவையா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றீங்க என்று மேல் டிவிசன் காளியாயி சண்டைக்கு வந்துவிட்டாள். கடைசியில் விறகும் சீனியும் கோயிலுக்குப் போயின, காசை வேலாயியின் மடியில் வைத்தார்கள். ஒரு கண்ணுக்கு லென்ஸ் வாங்கப் போதும் என்கிறாள், திங்கட்கிழமை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். (அப்பா மாதக்கணக்காகத் திறக்காததை ஒரே நோட்டீஸில் திறந்துவிட்டேன்! எல்லாம் திட்டம் போட்டுச் செய்தது.) சங்கத்துப் பெட்டியும் திறக்கவில்லை, விதியும் கெடவில்லை, ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. இத்தனை சனத்திடம் நான் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம், எனக்கு இல்லை என்று சொல்லத்தான் தெரிந்தது. அடுத்த கூட்டத்தில் சாவியைக் கொடுத்துவிடலாமா என்று இருக்கிறது, உன் மனதில் பட்டதை எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. காசு குறைத்து அனுப்பினாலும் பரவாயில்லை, காலுக்கு நல்ல சப்பாத்து வாங்கிப் போடு. பாஸ்போர்ட் முடிகிற திகதியை மறக்காமல் பார். நீ நிற்கிற இடத்தில் எப்போதும் நிழல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கையெழுத்துக்கும் மகன் கையை எதிர்பார்க்கிற உன் அப்பா,
சிவசாமி

(அக்கா, அப்பா கண்ணயர்ந்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்தினேன் என்று எழுதியது பொய். திட்டமும் இல்லை, சும்மா கூத்துப் பார்க்கத்தான் ஒட்டினேன். வேலாயி அக்கா அழுததும் கோயிலுக்குப் பின்னால் ஓடிப்போய் உட்கார்ந்து அழுதேன். நோட்டீஸ் அடித்த கடைக்காரர்தான் என்னை அப்பாவிடம் காட்டிக் கொடுத்தார். அன்றைக்கு இராமையா தாத்தா சுவரைத் தடவிக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் வந்தவர், அழுகிற சத்தம் கேட்டு நின்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. என் தலையைத் தடவி, அழுவாத சாமி, நான் சாகல, எவனோ வெளையாட்டுக்குச் செஞ்சிட்டான் என்று தேற்றினார். செய்தது நான் என்று அவரிடம் வேறு யாரும் சொல்லக்கூடாது, நானே போய்ச் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன். கண் கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.)