சுவருக்கு மேலுள்ள திறப்பை அடைக்க வேண்டாம்

அனுப்புநர்:
திருமதி ஐடா மாணிக்கராஜ்,
(காலஞ்சென்ற திரு. மாணிக்கராஜ் அவர்களின் மனைவி)
ஸ்கெலட்டன் லைன், மாரிகுப்பம்,
கோலார் தங்கவயல்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இருநாட்டு மின் சிக்கன ஒத்துழைப்புத் திட்டம்,
கள அலுவலகம், ராபர்ட்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.

பொருள்: என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே, கூரைக்கடியில் உள்ள திறப்பை அடைக்கும் வேலையை நிறுத்தக் கோருதல், பக்கத்து வீட்டில் ஆள் வசிப்பதைப் பதிவு செய்து அதன் கூரைக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இவ்வூர் கான்வென்ட்டில் படித்தவள். இம்மனுவை ஆங்கிலத்தில் எழுதியிருக்க முடியும். தங்கள் திட்டத்தின் வெளிநாட்டு நிபுணர்களுக்கு அது வசதியாகவும் இருந்திருக்கும். ஆனால் இது பக்கத்து வீட்டில் வசிக்கும் திருமதி யசோதரா சிவலிங்கம் அவர்களைப் பற்றியது. ஒருவரைப் பற்றி எழுதும்போது அவருக்குப் புரியும் மொழியில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே அனுப்ப வேண்டும் என்பது என் வழக்கம். தமிழிலும் மனு கொடுக்கலாம் என்று தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் பார்த்தேன்.

2. திட்டத்தின் மேல் எனக்குக் குறை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாடும் ஐரோப்பிய நாடொன்றும் சேர்ந்து, மின்சாரச் செலவையும் அதனால் எழும் கரிப்புகையையும் குறைக்க எங்கள் லைனைத் தேர்ந்தெடுத்தது எங்களுக்குப் பெருமை. என் தகரக் கூரையில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் விசிறி மாட்டினார்கள். கீழே இருந்த என் ரோஜாத் தொட்டிகளில் ஒரு சொட்டுப் பூச்சுகூட விழவில்லை. அந்த ஆட்களுக்கு என் பாராட்டைத் தெரிவிக்கவும்.

இவ்வூருக்கு இது புதிதும் அல்ல. பெங்களூருக்கு முன்பே சிவனசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து புகையில்லாத மின்சாரம் வந்த ஊர் இது. அதற்கும் கடல் கடந்த பொறியாளர்கள் வந்தார்கள். ஆனால் அந்த மின்சாரம் தங்கச் சுரங்கத்து ஷாஃப்டுக்கு வந்தது. ஷாஃப்டில் இறங்கியவர்களின் வீடுகளுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. இந்த முறையும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

3. எங்கள் லைன் வீடுகளைத் தாங்கள் நேரில் பார்த்திராவிட்டால் இந்த விளக்கம் உதவும். வரிசை முழுவதற்கும் ஒரே கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர், மூங்கில் தட்டியின் மேல் மண் பூசியது. அது ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரை திறப்பு. எனக்கும் யசோதராவுக்கும் நடுவே உள்ள திறப்பில் ஒரு பல்பு தொங்குகிறது. ஸ்விட்ச் என் பக்கம். வெளிச்சம் இரண்டு பக்கமும். வீட்டுப் பத்திரம் இன்னும் அவர் பெயருக்கு மாறாததால் அவருக்கு மின் இணைப்பு கிடைக்கவில்லை. தவறாக எண்ண வேண்டாம்: என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குக் கம்பி எதுவும் போகவில்லை. வெளிச்சம் மட்டும் போகிறது.

4. இந்தச் சுவருக்கு இன்னொரு பயனும் உண்டு. என் கணவர் ஷாஃப்ட் வாயிலில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணி அடித்தவர். யசோதராவின் கணவர் திரு. சிவலிங்கம் அதே கூண்டில் நிலத்தடி லெவலுக்கு இறங்கியவர். ஒரு மணி என்றால், நிறுத்து. இரண்டு என்றால், இறக்கு. மூன்று என்றால், கூண்டில் ஆள் இருக்கிறது, பார்த்து இயக்கு. சுரங்கம் மூடிய பிறகும் இருவரும் இந்தச் சுவரில் அதே கணக்கில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலமான பின் நாங்கள் தட்டுகிறோம். விளக்கை அணைக்கும் முன் நான் இரண்டு தட்டுவேன். யசோதரா இன்னும் புத்தர் படத்துக்கு முன் உட்கார்ந்திருந்தால் ஒன்று தட்டுவார், காத்திருப்பேன். காலையில் எழுந்ததும் அவர் மூன்று தட்டுவார், நானும் மூன்று தட்டுவேன். தனியாக வாழும் இரண்டு பெண்களுக்கு அதற்கு மேல் நலம் விசாரிப்பு தேவைப்படுவதில்லை.

5. சென்ற ஆண்டு திட்டக் கணக்கெடுப்புக்குச் செல்வி ராதிகா என்பவர் நடுப்பகலில் வந்தார். அந்த நேரத்தில் யசோதரா தம் வீட்டில் இருப்பதில்லை. அந்தத் தகரத்தின் கீழ் யாராலும் இருக்க முடியாது. மாரிகுப்பம் ஸ்டேஷன் நிழலில் போய் உட்கார்ந்துவிடுவார். கதவு பூட்டியிருந்தது, மீட்டரும் இல்லை. ‘காலி வீடு’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டில் சமையலறை வரை வந்து எல்லாம் கேட்டவர், பக்கத்து வீட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெயில் தாங்காமல் வெளியே போனவருக்கு, வெளியே போனதால் வெயிலே மிஞ்சியது.

6. இதனால் எங்கள் இருவருக்கும் மேலுள்ள ஒரே கூரையில் என் பாதி வெள்ளையாகவும் அவர் பாதி துருவாகவும் கிடக்கின்றன. கீழே சுவர் எங்கே இருக்கிறது என்பது இப்போது காக்கைக்குக்கூடத் தெரியும். வெப்பத்தை அளக்க என் வீட்டில் மாட்டியிருக்கும் சிறு கருவி, எதிர்பார்த்த குளிர்ச்சியைக் காட்டவில்லையாம். எப்படிக் காட்டும்? அவர் பக்கத்து வெக்கை திறப்பு வழியாக என் பக்கம் வருகிறது. அந்த அளவு இரண்டு அரசாங்கங்களுக்கும் அறிக்கையாகப் போகிறது என்று அறிகிறேன். பூச்சால் பயன் இல்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால், இனிப் பூச்சு கிடைக்க வேண்டிய எத்தனையோ வீடுகளுக்கு அது கிடைக்காமல் போகும்.

7. திட்டப் பொறியாளர் திரு. சஞ்சய் நல்ல பிள்ளை. சென்ற வாரம் ஒரு காலையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, “மேடம், இந்த கேப்பை க்ளோஸ் பண்ணிட்டா ரீடிங் சரியாயிடும். சுவர் ஃபுல்லா போர்டு அடிச்சிடலாம், அரை நாள் வேலை” என்றார். அப்போது சுவருக்கு அப்பாலிருந்து, “இன்னாப்பா, என்னியும் உள்ள வெச்சி அடைச்சிடப் போறியா?” என்று குரல் வந்தது. காலி வீடு என்று தாளில் படித்து வந்த பிள்ளை ஏணியிலிருந்து விழப் பார்த்தார். “பயப்படாத கண்ணு, பேய் இல்ல. இந்த வெயிலு பேய்க்கே தாங்காது” என்று சொல்லி, யசோதரா ஒரு டம்ளர் மோரைச் சுவருக்கு மேல் நீட்டினார். திரு. சஞ்சய் வாங்கிக் குடித்தார். தம் மேலதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னதாகவும் அறிகிறேன். ஆனால் உத்தரவு மாறவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை, ஆட்கள் வருவார்கள் என்றும், நான் மறுத்தால் என் வீடு திட்டத்திலிருந்து நீக்கப்படும் என்றும் கடிதம் வந்திருக்கிறது.

8. நான் ஏன் மறுக்கிறேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். சென்ற மே மாதம் ஒரு காலையில் மூன்று தட்டு வரவில்லை. நான் தட்டினேன். பதில் இல்லை. டிரங்குப் பெட்டியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறித் திறப்பு வழியே பார்த்தேன். யசோதரா தரையில் கிடந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. எதிர்வீட்டு ஆஸ்டின் என் சத்தம் கேட்டு வந்து கதவைப் பெயர்க்கும் வரை, ஏறியும் இறங்கியும் சொம்பு சொம்பாக அவர் மேல் தண்ணீர் ஊற்றினேன். இரவிலும் ஆறாத கூரையின் வெக்கைதான் காரணம் என்றார் டாக்டர். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் உயிர் போயிருக்கும் என்றும் சொன்னார்.

கண் விழித்ததும் யசோதரா சொன்னது இது: “ஐடாம்மா, நான் பௌத்தம். தலையில தண்ணிய ஊத்தி உங்க வேதத்துல சேத்துடலாம்னு பாத்தீங்களா?” ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் ஈரத் தலையைத் துவட்டத் தொடங்கினேன்.

திங்கட்கிழமை அந்தத் திறப்பு அடைபட்டால் அவருக்கு வெளிச்சம் போய்விடும். சுவர் முழுக்கப் பலகை வந்தால் தட்டும் கேட்காது. இந்த மே மாதம் எதைப் பார்த்து, எதைக் கேட்டு நான் அவரைத் தெரிந்துகொள்வேன்?

9. தங்கள் திட்டத்தின் வெளிநாட்டுப் பொறியாளர் அம்மையார் பிப்ரவரியில் என் வீட்டுக்கு வந்து தேநீர் அருந்தினார். அவர்கள் நாட்டில் குளிர் நுழையாதபடி சிறு இடுக்கைக்கூட அடைப்பார்களாம். நன்றாக அடைத்த வீடே நல்ல வீடாம். அவர்கள் ஊருக்கு அது சரி. எங்கள் பல்பை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதை யார் அமைத்தது என்று கேட்டார். இல்லாமைதான் அமைத்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து என்றேன். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். அவரிடமே கேட்டிருந்தால் இந்த உத்தரவு வந்திருக்காது என்று நம்புகிறேன்.

இரண்டு நாடுகள் ஒரு காரியத்தில் சேர்ந்து நிற்பது எளிதல்ல என்று செய்தித்தாளில் படிக்கிறேன். இரண்டு வீடுகளுக்கும் அது எளிதல்ல. நாங்கள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களிலும் விளக்கை அணைக்கும் முன் தட்டாமல் அணைத்ததில்லை. நேற்று அம்பேத்கர் பிறந்தநாளுக்கு யசோதரா கிண்டிய கேசரி அந்தத் திறப்பு வழியாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை என் ஈஸ்டர் கேக் அதே வழியாகப் போகும்.

10. ஆகவே, திங்கட்கிழமைக்குள் அந்த உத்தரவை நிறுத்தி வைக்கவும். ‘காலி வீடு’ என்ற பதிவை நீக்கி, அங்கே திருமதி யசோதரா சிவலிங்கம் வசிக்கிறார் என்று அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதவும். மே மாத வெயிலுக்கு முன் கூரையின் மீதிப் பாதிக்கும் பூச்சு அடிக்கவும். அதன் பிறகு கருவியைப் பார்த்தால் என் வீட்டு அளவும் தானாகவே சரியாகும் என்பது என் நம்பிக்கை. விதி இடம் கொடுக்காது என்றால், என் பெயரைத் திட்டத்திலிருந்து நீக்கிக்கொள்ளலாம். விசிறியைத் துடைத்து, திருப்பித் தரத் தயாராக வைத்திருக்கிறேன். சுவரை மட்டும் விட்டுவிடவும்.

11. இம்மனுவை இன்று மாலை சுவருக்கு மேலே கேட்கும்படி உரக்க வாசித்தேன். டிரங்குப் பெட்டி வரும் இடத்தில், “வயசான காலத்துல பொட்டி மேல ஏறினத எல்லாம் எதுக்குமா எழுதுறீங்க? ஆபீசருங்க சிரிக்கப் போறாங்க” என்று யசோதரா ஆட்சேபித்தார். நான் நீக்கவில்லை. வேறு எதையாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். “நான் கீறேன்னு எழுதுங்க. போதும்” என்றார்.

எழுதிவிட்டேன்.

கையெழுத்துப் போட வரும்படி அழைத்தேன். முட்டி வலி, எழுந்து வர முடியாது என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவரில் மூன்று முறை தட்டினார். அதை அவருடைய கையொப்பமாகத் தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இடம்: ஸ்கெலட்டன் லைன், கோலார் தங்கவயல்
நாள்: 15-04-2025

மரியாதையுடன்,
(ஒப்பம்)
ஐடா மாணிக்கராஜ்