ஏழாம் எண் விலகவில்லை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று நம் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த ஒரு முறை அதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். முதலில் இரண்டு திருத்தங்கள்.

உன் அத்தானுக்குக் கொடுத்துவந்த மருந்தை நான் நிறுத்தவில்லை. ஒரு வேளைகூட நிறுத்தவில்லை. அடுத்தது, போன மாதம் நான் மருத்துவமனைக்குப் போய்க் கூச்சல் போட்டதாகச் சொல்கிறார்களாம். ரெக்கார்டு அறையில் நின்று மூன்று கேள்விகள் கேட்டேன், அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான்கு மாடிக்கும் கேட்டிருக்கும் என்பது உனக்குத் தெரியும்.

முதல் பொய்யை என் முகத்துக்கு நேரே சொன்னவர் என் நாத்தனார். உன் அத்தானுடைய வரைகருவிப் பெட்டி தம்பியின் நினைவாக அவரிடம் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பெட்டிய மட்டும் துரு புடிக்காம வெச்சிருக்கே. மருந்த ஒழுங்கா குடுத்திருந்தா என் தம்பியும் இருந்திருப்பான்ல?" என்றார். கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். "வேற யாரு? உன் தங்கச்சிதான். அக்காவுக்குப் பொறுமை போயிடுச்சு, அவளா நிறுத்திட்டான்னு போன்ல ஒரே அழுகை. பாவம், உன்மேல யாரும் கோபப்படக் கூடாதுன்னு வேற சொன்னா" என்றார்.

நீ அழுதிருப்பாய் என்பதை நம்புகிறேன். சின்ன வயதிலிருந்தே எதையாவது உடைத்துவிட்டு முதலில் அழுகிறவள் நீதான். பிறகு அடி எனக்கு விழும்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் நீ வேறு விதமாகச் சொல்லிச் சொல்லி உனக்கே அது பழகிப்போயிருக்கலாம்.

முப்பத்தாறு வருடம் வரைபலகைமேல் குனிந்து வேலை செய்த மனிதருக்குக் கண் கீழே இறங்க மறுத்தது. தலை குனியும், கண் குனியாது. தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிட்டார். மேசைமேல் ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டு அதன்மேல் தட்டை வைத்துக் கொடுத்தேன். படியில் கால் தவறியது. காரணமில்லாமல் பின்பக்கமாக விழுந்தார். எதிர்வீட்டுக்காரர்கள், வயதானதும் ஐயாவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, குனிந்து ஒருத்தரையும் பார்ப்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு டாக்டர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார். இன்னொருவர் மனச்சோர்வு என்றார். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

நீதான் உங்கள் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். அவர் விரலைக் கீழே இறக்கி, "விரலையே பாருங்க, கீழ பாருங்க" என்றார். "எனக்குக் கீழ யாரும் இல்லையே டாக்டர், எப்படிப் பாக்கறது?" என்றார் உன் அத்தான். டாக்டர் சிரிக்கவில்லை. தலையைப் பிடித்து மெல்லப் பின்னால் சாய்த்தார். கண் தானாகக் கீழே இறங்கியது. அப்போதுதான் டாக்டர் முகம் மலர்ந்தது. பக்கத்து அறையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு மூன்று முறை செய்து காட்டினார். லட்சத்தில் நாலைந்து பேருக்கு வருகிற நோய் என்று, பரிசு விழுந்த மாதிரிச் சொன்னார். அந்தச் சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் சொன்னேன். "அவர் அப்படித்தான்க்கா, வேலைல மூழ்கிடுவார்" என்றாய். இருபத்திரண்டு வருடம் அவரிடம் நர்ஸாக இருந்தவள் நீ. ரிட்டயர் ஆன பிறகும் ஆராய்ச்சிக்கு என்று உன்னை வைத்துக்கொண்டவர் அவர். உன் பேச்சை நம்பினேன்.

பதினான்கு நோயாளிகள். புது மருந்து. சிலருக்கு உண்மை மாத்திரை, சிலருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது முடியும்வரை ஒருவருக்கும் தெரியாது. சம்மதப் படிவம் பதினோரு பக்கம். எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்துப் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். "உங்க அக்காவை நம்ம ஆபீசுக்கே எடுத்துக்கலாம் போலிருக்கே" என்று டாக்டர் உன்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நோயாளி எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற வரியின் அடியில் கோடு போட்டு உன்னிடம் காட்டினேன். "அதெல்லாம் எதுக்குக்கா இப்ப? நான் கூட இருக்கேன்ல" என்றாய்.

அன்றிலிருந்து அவர் ஏழாம் எண். காலை ஆறரை, மாலை ஆறரை, ஒவ்வொரு மாத்திரை. கொடுத்த நேரம், சாப்பிட்டது, விழுந்தது, பேசியது எல்லாவற்றையும் நீங்கள் கொடுத்த நீல நோட்டில் எழுதினேன். திங்கட்கிழமைதோறும் நீ வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாய். "இது வியாதிக் குறிப்பா, பரீட்சைப் பேப்பரா? உங்க அக்கா எனக்கு மார்க் போடறா" என்று அவர் உன்னிடம் குறைபட்டுக்கொள்வார். நீ சிரிப்பாய். அந்தத் திங்கட்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. இதையும் எழுதிவிட வேண்டும்.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை அவர் கண் மஞ்சளாக இருந்தது. எழுதினேன். பன்னிரண்டாம் தேதி சிறுநீர் கறுத்தது. உனக்குப் போன் செய்தேன். டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தாய். மாலையில் கூப்பிட்டு, "இது நோயோட போக்குதான்க்கா, டாக்டர் சொல்லிட்டார். மருந்த மட்டும் நிறுத்திடாதே. இப்ப நிறுத்தினா இத்தனை மாசம் பட்டதெல்லாம் வீணாயிடும்" என்றாய்.

பதினெட்டாம் தேதி அவர் "போதும்" என்றார். பேச்சே குழறிப்போன நேரம். ஆனால் அந்தச் சொல் தெளிவாக வந்தது. மறுநாளிலிருந்து மாத்திரையைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். கோடு போட்ட படிவம் அலமாரியில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. நீ சொன்னாயே என்று, மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து, தாடையைப் பிடித்து வாயைத் திறக்க வைத்துக் கொடுத்தேன். இருபத்தாறாம் தேதி மாலை ஆறரை வரைக்கும் கொடுத்தேன். இருபத்தேழாம் தேதி அவர் போய்விட்டார்.

ஐந்து நாள் கழித்து நீ வந்தாய். நீல நோட்டையும் மீதி மாத்திரைகளையும் கேட்டாய், கொடுத்தேன். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, "முடிஞ்சுதுன்னு ஒரு கையெழுத்துக்கா, சும்மா சம்பிரதாயம்தான்" என்றாய். மேல்பாதியில் உன் உள்ளங்கை இருந்தது. விரலால் இடத்தைக் காட்டினாய். தேதி என்று நான் கேட்டதும், "அத நான் போட்டுக்கறேன், நீ போய்ப் படு" என்றாய். போட்டேன். என் எழுபத்து மூன்று வயதில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அது. ஏப்ரல் முதல் தேதி. பொருத்தமான நாள்தான்.

அடுத்த மாதமே நீ மகளோடு இருக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாய். அவசரம் ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை. உன் கம்பளிச் சால்வை இங்கேயே கிடக்கிறது. நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

செப்டம்பரில் ஆராய்ச்சி முடிந்தது. மூன்றாம் எண்ணின் மனைவி, அந்தத் தையற்காரம்மா, நாம் காத்திருக்கும் பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து வைப்பாளே, அவள் போன் செய்தாள். அவள் கணவருக்கு, அந்த பஸ் ஓட்டுநருக்கு, கொடுத்தது உண்மை மருந்துதான் என்று கடிதம் வந்திருக்கிறதாம். அதையே தொடர்ந்து கொடுக்கவும் சொல்லியிருக்கிறார்களாம். எனக்குக் கடிதம் வரவில்லை. என் கையால் கொடுத்தது மருந்தா மாவா என்று தெரிந்துகொள்ள மருத்துவமனைக்குப் போனேன்.

"விலகினவங்களுக்கு லெட்டர் கிடையாதும்மா" என்றார் ரெக்கார்டு அறையில் இருந்த அம்மா. யார் விலகியது என்று கேட்டேன். "நீங்கதான். வீட்டுக்காரங்க விருப்பப்படி மார்ச் ஏழாந்தேதி நிறுத்தியாச்சுன்னு இருக்கே. இது உங்க கையெழுத்து இல்லையா?" என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்து என்னுடையதுதான். தேதி உன்னுடையது. ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு. கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் மதர் நமக்கு அப்படித்தான் எழுதக் கற்றுக் கொடுத்தார். நம் வகுப்புகளில் படித்தவர்களைத் தவிர இங்கே யாரும் அப்படி எழுதுவதில்லை. சாட்சி என்ற இடத்திலும் நீதான் இருக்கிறாய். நீல நோட்டைக் கேட்டேன். மார்ச் ஆறோடு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு தையல் நூலில் காகிதத் துணுக்குகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. யார் கிழித்தது என்பது என் மூன்றாவது கேள்வி. அந்த அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

மஞ்சள் வந்தது ஒன்பதாம் தேதி. நீ காகிதத்தில் மருந்தை நிறுத்தியது ஏழாம் தேதி. கணக்காகத்தான் செய்திருக்கிறாய்.

ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. டாக்டர் உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. மருந்தால் ஒரு சாவு என்று எழுதினால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள், மற்ற பதின்மூன்று பேருக்கும் கிடைக்காமல் போய்விடும், அத்தான் எப்படியும் போகிறவர்தானே என்று சொல்லியிருப்பார். நீயும் அந்தப் பதின்மூன்று பேரை நினைத்துத் தலையாட்டியிருப்பாய். உன் மனசு அப்படிப்பட்டது. ஆனால் அந்தப் பதின்மூன்று பேரில் உண்மை மருந்து கிடைத்தவர்கள் அதே மாத்திரையைத்தான் விழுங்குகிறார்கள் என்பது உனக்குத் தோன்றவில்லையா?

இதோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். ஊர் என்னைப் பற்றி என்ன பேசினாலும் நிமிர்ந்து நடக்கத் தெரியும். ஆனால் போன செவ்வாய்க்கிழமை தையற்காரம்மா வீட்டுக்கே வந்தாள். ஓட்டுநருக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. "பெரிய டாக்டரக் கேட்டேன்க்கா. இந்த மருந்தால யாருக்குமே மஞ்சள் வந்ததில்ல, பயப்படாம குடுங்கன்னுட்டார்" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "கோச்சுக்காதீங்கக்கா. நீங்கதான் மருந்த நிறுத்திட்டீங்களாமே. அதுக்கப்புறம் வந்த மஞ்சள் மருந்தால எப்படி வரும்? இவராச்சும் இப்ப ரெண்டு அடி தானா நடக்கறார். நிறுத்தச் சொல்றீங்களே" என்றாள்.

அப்போதுதான் அலமாரியைத் திறந்தேன். நீ ஒன்றை மறந்துவிட்டாய். நான் எதையும் நேராக நல்ல நோட்டில் எழுதுகிறவள் இல்லை. முதலில் ரஃப் நோட்டு, பிறகு ஃபேர் நோட்டு. பள்ளிக்கூடத்தில் என் ரஃப் நோட்டைப் பார்த்துத்தான் நீ காப்பி அடிப்பாய். நீ கிழித்த பக்கங்கள் முழுவதும் அதில் இருக்கின்றன, மார்ச் இருபத்தாறு மாலை ஆறரை வரை. தையற்காரம்மாவிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நீங்க எழுதினதுதானேக்கா. அவர் டாக்டரு" என்று மூடிக் கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் ஒருத்தியின் வெள்ளை உடுப்பை நம்பினவள்தான்.

என் எழுத்தை நம்பாதவர்கள் உன் எழுத்தை நம்புவார்கள். ஓட்டுநரைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கப் பழக்கியவள் நீ. ஆகவே நீ ஒரு காகிதத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: ஏழாம் எண் விலகவில்லை, கடைசி நாள்வரை மருந்து எடுத்துக்கொண்டார், மார்ச் ஒன்பதிலிருந்து கண் மஞ்சளாக இருந்தது உனக்குத் தெரியும், படிவத்தில் தேதி போட்டது நீ. காரணம் எழுத வேண்டாம். டாக்டரைப் பற்றி எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம். எனக்கு ஒன்று, தையற்காரம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு பிரதி அனுப்பு. அவள் விலாசத்தை உறையில் வைத்திருக்கிறேன். அந்தக் காகிதம் வந்தால் ஏழாம் எண்ணுக்கு என்ன கொடுத்தார்கள் என்று எனக்கும் சொல்லியாக வேண்டும் என்கிறார் ரெக்கார்டு அறை அம்மா. மாவு என்று வந்தால் நான் தூங்குவேன். மருந்து என்று வந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வாயைத் திறக்க வைத்தது என் கை.

போன் செய்யாதே. போனில் நீ அழுவாய். நீ அழுதால் இத்தனை வயதுக்குப் பிறகும் நான் "சரி, விடு" என்று சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் உன்னை வால் என்று கூப்பிட்டபோது, அவள் என் பின்னால்தான் வருவாள், உங்களுக்கென்ன என்று சண்டை பிடித்தவள் நான். அது இன்னும் எனக்குள் போகவில்லை. அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே குளிர் தாங்குகிறதா? மகளும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்கட்டும். சால்வையைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். அதைப் பதிலுக்கு விலையாக நினைத்துக்கொள்ளாதே. குளிர் என்பதால் அனுப்பினேன்.

ஓட்டுநர் இன்று மாலையும் மாத்திரை போட்டுக்கொள்வார். உன் கையெழுத்தில், சரியான தேதி போட்டு, தபாலில் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா