மூன்றாம் மாடிக்கான படிவம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

எங்கள் முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழு மூன்று முறை கூடி, இரண்டு உறுப்பினர்களின் மாற்றுக் கருத்தையும் பொறுமையாகக் கேட்டு, சாப்பாட்டு அறையிலுள்ள பிளாஸ்டிக் பூக்களைக் கழுவுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. சோப்புத் தண்ணீரா, வெறும் தண்ணீரா என்பதை ஆராயத் துணைக்குழு ஒன்றும் போட்டார்கள். சோப்பு வென்றது. ஆண்டுக்கொரு முறை வரும் அரசாங்க ஆய்வு இந்த மாதம் பத்தாம் தேதி என்று முன்கூட்டியே கடிதம் வந்திருந்தது. அதற்குத்தான் இத்தனையும்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தின் காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி உன் கைபேசிக்கு ஏதாவது படிவம் வந்தால் கையெழுத்துப் போடாதே. எவ்வளவு அவசரம் என்றாலும் போடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அலுவலகத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசியபோது நான் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது உனக்கு விசித்திரமாக இருந்திருக்கும். மேலாளரம்மா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் கைபேசி சார்ஜ் போடுவதற்காக அலுவலகத்துக்குப் போய் ஆறு நாளாகிறது. இன்னும் ஏறவில்லையாம்.

என் அறையில் இருக்கும் தையற்காரரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு குழறுகிறது. தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. படுக்கையை ஒட்டி ஒரு மணிப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஆள் வரவேண்டும். சும்மா இருந்த காலத்தில் நான் ஒரு நோட்டுப் போட்டு, மணி அடித்த நேரம், ஆள் வந்த நேரம் என்று குறித்துவந்தேன். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஒரு நாள் காலை நாற்பத்தேழு நிமிஷம். இன்னொரு நாள் மதியம் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். அன்று அவர் ஈரத்திலேயே கிடந்தார். முதுகில் புண் வந்துவிட்டது. உதவியாள் பெண் என் நோட்டைப் பார்த்து, “என்னப்பா, ரிட்டயர் ஆயும் டூட்டி விடலையா?” என்று சிரித்தாள். நல்ல பெண். எங்கள் மாடியில் இருபத்தெட்டுப் பேருக்கு அவள் ஒருத்திதான். இங்கே எங்களை அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் நினைவு வைத்துக்கொள்ளும் சிரமம் இல்லை.

பத்தாம் தேதி ஆய்வாளர் வந்தார். உன் வயதுதான் இருக்கும். கையில் எண்பத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம். எண்பத்து மூன்றுக்கு ஆம், இல்லை என்று டிக் அடித்தால் போதும். பூக்கள் சுத்தமாக இருக்கின்றன என்று குறித்துக்கொண்டார். அன்று மட்டும் உதவியாட்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் நான்கு பேருக்குக் குளியலறை எங்கே என்று தையற்காரர் கையைக் காட்டிச் சொல்லவேண்டியிருந்தது.

எண்பத்து நான்காவது கேள்வி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பது. நான் நோட்டைக் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை. அதிகாரபூர்வமாக இருக்கவேண்டும் என்று முதல் பக்கத்தில் பெயர், அறை எண், தேதி எல்லாம் எழுதி, கையெழுத்தும் போட்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் கேட்டு வாங்கினேன். அவர் மிகவும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். “கண்டிப்பா ஆக்‌ஷன் எடுப்போம் சார்,” என்றார். போகும்போது விதிமுறைப்படி அந்த நோட்டை, விளக்கம் கேட்டு மேலாளரம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அப்படித்தான் செய்வேன். ஒரு ஆலையில் கொதிகலன் ஓட்டுபவர் ஒருவர், வால்வு பழுது என்று பெயர் போட்டு எழுதிக் கொடுத்தார். விளக்கம் கேட்டு முதலாளிக்கே அனுப்பினேன். அடுத்த ஆய்வுக்குப் போனபோது அவர் அங்கே இல்லை. வேறு நல்ல வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன். இத்தனை வருஷம் கழித்து இந்த ஒரு வாரமாக அவர் முகத்தை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். மீசை மட்டும்தான் வருகிறது.

மறுநாள் மேலாளரம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்பா ரொம்பக் கவலைப்படறீங்க, எல்லாத்தையும் எண்ணிக்கிட்டே இருக்கீங்க, உடம்புக்கு ஆகாது,” என்றார். குரலில் அவ்வளவு தேன். செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது பேரைப் பார்ப்பவர். இன்று என்ன தேதி என்று என்னைக் கேட்டார். சரியாகச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் வழக்கத்தைவிட இருபத்திரண்டு நிமிஷம் தாமதம் என்றும் சொன்னேன். ‘நேரத்தைப் பற்றிய மிகைக் கவனம், தொடர்ந்து எண்ணும் பழக்கம், நினைவுக் குழப்பத்தின் ஆரம்பம்’ என்று எழுதிக்கொண்டார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடியும். அதுவும் என் உத்தியோகத்தில் பழகியதுதான்.

மூன்றாம் மாடிக்கு நினைவுப் பராமரிப்புப் பிரிவு என்று பெயர். கதவுக்கு எண் பூட்டு. ஆய்வாளர்கள் அங்கே இருப்பவர்களிடம் கேள்வி கேட்பதில்லை; அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. குளிப்பதற்கு வெந்நீர் வருவதில்லை என்று போன வருஷம் எழுதிக் கொடுத்த பாட்டு டீச்சர் மார்ச் மாதம் மேலே போனார். போனவர்கள் யாரும் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. லிஃப்ட் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ஒருவரை மேலே மாற்ற இரண்டு கையெழுத்து வேண்டும். டாக்டருடையது ஆகிவிட்டது. இன்னொன்று உன்னுடையது. படிவத்துக்கு ‘மேம்பட்ட பராமரிப்புத் திட்டம்’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பதினான்கு பக்கம். கையெழுத்துப் போடும் இடம் கடைசிப் பக்கத்தில். நீ வேலைக்கும் குழந்தைகளுக்கும் நடுவே, ரயிலில் நின்றுகொண்டே எத்தனையோ படிவங்களுக்கு விரலை வைப்பவள். அதனால்தான் பயமாக இருக்கிறது, அம்மா. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் கடிதத்தைத் தலையணை உறைக்குள் தள்ளிவிடுகிறேன். சாயங்காலம் புதிதாக ஒரு வெள்ளை மாத்திரை தருகிறார்கள். நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிடுகிறேன். இரண்டு நாள் அது முடியாமல் விழுங்கிவிட்டேன். அந்த இரண்டு நாளும் எங்கே போனது என்று தெரியவில்லை.

கையெழுத்து நடுங்கியிருந்தால் நோய் என்று நினைக்காதே. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. நீ பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. உன் இடது முழங்காலில் நாலு தையல். உன் அம்மா போய் ஆறு வருஷம், நான்கு மாதம், ஒன்பது நாள். இப்படி எண்ணுவதே வியாதி என்று அவர்கள் சொல்வார்கள். வேறு எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இல்லத்தை நீதான் தேர்ந்தெடுத்தாய் என்று மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. பூந்தொட்டிகளைப் பார்த்துவிட்டு நானும்தான் நன்றாக இருக்கிறது என்றேன். முடிதிருத்துபவர் வெள்ளிக்கிழமை தோறும் வருவார். அவரிடம் கொடுத்து இதை வெளியே தபாலில் போடச் சொல்கிறேன். கிடைத்ததும் ஒரு தடவை நேரில் வா. தேதி சொல்லாமல் வா.

பிள்ளைகளோடு நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்கவேண்டும். உன் வீட்டிலேயே இருக்கவேண்டும்.

உன் அப்பா

பி.கு: முடிதிருத்துபவருக்காகக் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது மேலாளரம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். படிவம் வந்துவிட்டதாம். நேற்று மாலை நாலு பத்துக்கு நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை மேலே மாற்றுகிறார்கள்.