நூலால் அளந்த ஆயிரத்து அறுநூறு மைல்

என் ஆசை அக்காவுக்கு,

நேற்று உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருஷம். உங்களுக்குப் பிடித்த பாற்சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும் படைத்தோம். வந்த சனத்துக்கெல்லாம் அத்தான் ஒரே கதையைத்தான் சொன்னார்: “எனக்குச் சோறு காய்ச்சத்தான் அவ போகாமல் நிண்டவ. நான்தான் அவவைச் சாகக் குடுத்தனான்.”

அது உண்மையில்லை என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட செய்தி வந்ததும் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் காலியாகிவிட்டன. துறைமுக வேலையில் அத்தானுக்கு லீவு இல்லை. உங்களை முதலில் போகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தார். திரியாய்க் கிராமத்துக்குப் போகும் வண்டியில் பெட்டியையும் ஏற்றிவிட்டீர்கள். அந்த நேரம் பார்த்துத்தான், பூகோளம் படிப்பிக்கும் இந்தப் பெரிய மேதாவி பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். ஜப்பான்காரன் பிடித்த சிங்கப்பூரில் நூலின் ஒரு நுனி, திருகோணமலையில் மறு நுனி. ஆயிரத்து அறுநூறு மைல்!

“பிளேனுக்குப் போக வர எண்ணெய் காணாது அக்கா. கொழும்புக்கு வந்ததுகள் திரும்பிப் போயிருக்காது, கடலுக்குள்ளதான் விழுந்திருக்கும். இனி ஆர் வாறது?”

“வடிவாப் பாத்தனியோ தம்பி?”

“ஓம் அக்கா. ரெண்டு தரம் அளந்தனான்.”

“அப்ப வருஷம் பிறக்கிற நேரத்தில ஆரோ ஒராளின்ரை வீட்டில போய்க் கிடக்காமல், என்ரை வீட்டிலேயே பொங்குவம்” என்று சிரித்துக்கொண்டு பெட்டியை இறக்கினீர்கள். பின்னேரம் அத்தான் கேட்டபோது என் பெயரை இழுக்காமல், “உங்களுக்கு ஆர் சோறு காய்ச்சுறது?” என்று சொல்லிவிட்டீர்கள்.

மூன்றாம் நாள் காலை வந்துவிட்டார்கள். கப்பலின் முதுகில் விமானங்களை ஏற்றிக்கொண்டு பக்கத்துக் கடல்வரைக்கும் வந்திருக்கிறார்கள். எனக்கு அது புத்தியில் படவே இல்லையே! படித்த முட்டாள் என்று சும்மாவா சொல்கிறார்கள்? நான் ஓடி வந்தபோது நீங்கள் சோறு காய்ச்சும் குசினி இருந்த இடத்தில் கூரை கிடந்தது. உங்கள் கை மட்டும் வெளியே தெரிந்தது.

இப்போது சீனக்குடா விமானத் தளத்தில் நாள் முழுக்க விமானங்கள் ஏறி இறங்குகின்றன. எங்கள் பக்கத்து வெள்ளைக்காரன் விமானங்கள்தானாம். வகுப்பில் அந்தச் சத்தம் கேட்டால் எழுதிக்கொண்டிருக்கும் கை நின்றுவிடுகிறது. காதுக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறீர்கள்: “வடிவாப் பாத்தனியோ தம்பி?” பட்டப்பகலில் கேட்கிறீர்கள் அக்கா. திரும்பினால் சுவரில் அந்தப் படம்தான் தொங்குகிறது. கோபமாகக் கேட்டால்கூடப் பரவாயில்லை. அன்றைக்குப் போலவே என்னை நம்பிக் கேட்கிறீர்கள். ஏன் அக்கா?

நீங்கள் போன நாளிலிருந்து அத்தான் காலையில் வாயில் ஒன்றும் வைப்பதில்லை. வெறும் வயிற்றோடுதான் வேலைக்குப் போகிறார். நேற்று எல்லாரும் போன பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, “இனி எனக்கு நீதான்ரா மச்சான்” என்று அழுதார். நான் படையல் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சொன்னால் என்னை இனி வாசல் ஏற விடமாட்டார். எனக்கும் அவரை விட்டால் ஆர் இருக்கிறார்கள்? சொல்லாவிட்டால் உங்கள் மனுசன் செய்யாத குற்றத்துக்குத் தன்னையே தின்று முடித்துவிடுவார்.

நாளைக்குக் காலை, அவர் வேலைக்குப் புறப்பட முன்னம் போய்ச் சொல்லிவிடுவேன். சத்தியம் அக்கா. அடித்தால் வாங்கிக்கொள்வேன், துரத்தினால் போய்விடுவேன். அதற்குப் பிறகு அவர் ஒரு வாய் சாப்பிட்டால் போதும்.

வண்டியில் ஏற்றிய உங்கள் பெட்டியை இறக்க வைத்த,
உங்கள் தம்பி