மூன்றாம் வகுப்புக் கொட்டகை

நேற்று மத்தியானம் நான் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்தால் முறைப்பாய். முழுதும் சொல்லி முடிக்கிறேன், அப்புறம் முறைத்துக்கொள்.

ஐப்பசி மழை விடாமல் அடிக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு வந்து, வழக்கம்போலக் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். காற்று திரும்பியபோது கொட்டகைச் சுவரிலிருந்து அந்த வாசனை வந்தது. நனைந்த வைக்கோல் வாசனை. வைக்கோல் போய் வருஷங்கள் ஆகின்றன. காவல் நின்ற சிப்பாய் போய்விட்டான், சண்டையே முடிந்துவிட்டது. ஈரம் பட்டால் அந்தச் செங்கல் மட்டும் இன்னும் அதையே மூச்சு விடுகிறது. அந்த வாசனை வந்தால் உன்னைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு. நேற்றும் திரும்பினேன். ஸ்டேஷன் வேலியும் மழையும்தான் இருந்தன.

சண்டை தொடங்கிய மறுவருஷம் நாம் இருவரும் இந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். திங்கட்கிழமை காலை ரயிலில் வருவோம், சனிக்கிழமை மத்தியான ரயிலில் பாளையங்கோட்டைக்குத் திரும்புவோம். நாம் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், அதிலும் பனையேறிகள் வீட்டுப் பெண்கள். ஆனாலும் குப்பாயச் சட்டை, குடை, டீச்சரம்மா என்ற பேர் எல்லாம் சேர்ந்து கொட்டகையின் ஓரத்தில் நமக்கு ஓர் இடம் வாங்கித் தந்திருந்தன. அதற்கு நன்றியாக வேறு இருந்தோம். நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால் கொட்டகை முழுக்க வைக்கோல் கட்டு. வாசல் ஓரம் கொஞ்சம் அகலம் தவிர மிச்சமெல்லாம் கூரை தொட அடுக்கியிருந்தார்கள். முன்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். பட்டாளத்துக் குதிரைகளுக்கு வைக்கோல் வேண்டுமாம். கண்டிராக்டர் ஆற்றங்கரைக் களங்களில் வாங்கி இங்கே சேர்ப்பான், கூட்ஸ் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதுவரை வைக்கோல் நனையக் கூடாது. மனிதர்கள் நனையலாம். முதல் வகுப்பு அறை மட்டும் பிரம்பு நாற்காலியோடு காலியாகக் கிடந்தது, என்றாவது வரப்போகும் ஒரு துரைக்காக.

"சர்க்கார் உத்தரவு அம்மா. நான் என்ன பண்ண முடியும்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அன்று நமக்குப் பக்கத்தில் நடவுக்கார மாடத்தி நின்றாள். அவளுடைய மருமகள் பச்சைப்பிள்ளையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு மாந்தம், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக வந்திருந்தார்கள். நீ உன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு நனைந்தாய். ரயில் ஏறியதும், தலையைப் பிழிந்துகொண்டே, "அவ முந்தியும் வெளியதானட்டி நின்னிருப்பா. நாம உள்ள இருந்தோம், கண்ணுல படல" என்றாய். வைக்கோல் நம்மை வெளியே தள்ளிய பிறகுதான் வெளியே யார் நிற்கிறார்கள் என்றே பார்த்தோம்.

எனக்குக் கொதித்தது. "ஒரு தீக்குச்சி போதும். சோலி முடிஞ்சிரும்" என்றேன்.

"ஏட்டி, நீ சண்டை போடத்தான் லாயக்கு. ஒரு எடத்துல உக்காருததுக்கு லாயக்கில்ல. இதுக்கு உக்காரத் தெரியணும்."

டவுனில் சில வருஷத்துக்கு முன் நடந்த கலவரமும், போலீஸ் சுட்டதும், பிறகு தண்டப் போலீசைக் கொண்டுவந்து ஊர்க்காரரிடமே வரி வசூலித்ததும் யாருக்கும் மறக்கவில்லை. ஒரு கல் விழுந்தால் போதும், மாடத்தி தெருவில்தான் முதலில் லத்தி இறங்கும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நீ கண்டுபிடித்த வழி வேறு. கொட்டகைச் சுவரில் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் தங்குமிடம் என்று ஒரு பலகை தொங்கியது அல்லவா?

"வைக்கல் டிக்கெட் எடுத்திருக்கா? நாம எடுப்போம். டிக்கெட் இருந்தா பிரயாணி. பிரயாணின்னா உள்ள உக்காரலாம். அவ்வளவுதான் விஷயம். கொடி கெடையாது, கூச்சல் கெடையாது" என்றாய்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆள் சேர்க்கப் புறப்பட்டோம். மேலப்பாளையத்துத் துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தை சந்தையாக ரயிலில் போகும் ராவுத்தர் உடனே ஒத்துக்கொண்டார். "துணி நனைஞ்சா எனக்கு வயிறு நனைஞ்ச மாதிரி தாயி. நான் வாரேன். சிப்பாய் சுட்டுப்போட்டா மட்டும் மய்யத்தை ஊருக்கு அனுப்பிருங்க, மூணாம் வகுப்புலயே." நீ சிரித்த சிரிப்பில் சந்தையே திரும்பிப் பார்த்தது.

அடுத்து பெரிய வீட்டு அண்ணாச்சி. ஊரில் பாதி வயல் அவருடையது. கொட்டகையில் கிடந்த வைக்கோலிலும் பாதி அவர் களத்து வைக்கோல். ஆனாலும் முதலில் நன்றாகத்தான் பேசினார்.

"நல்ல காரியம் டீச்சரம்மா. எங்க வீட்டுப் பொம்பளைகளும்லா நனையுதாவ. யாரு யாரு வாராவ?"

"நாங்க ரெண்டு பேரு, ராவுத்தர், அப்புறம் மாடத்தியும் அவ கூட நடுதவங்களும்."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரல் நின்றது. "அவளுகளா? உள்ளயா?"

"டிக்கெட் வாங்கித்தான் அண்ணாச்சி."

"அப்பம் ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. கொட்டகையில வைக்கலே கெடக்கட்டும். வைக்கலுக்குத் தீட்டு கெடையாதுல்லா."

நான் தெருவிலேயே கத்தினேன். நீ முன்னால் நடந்தாய். கால்வாய்க் கரைக்கு வந்த பிறகு, "மறைக்காம சொல்லிட்டாரு. அந்தமட்டுக்கு லாபம்" என்றாய். அதற்குப் பிறகு அண்ணாச்சி பேச்சைக் கேட்டு எத்தனை பேர் வர முடியாது என்றார்கள் என்று எழுதப் பிடிக்கவில்லை. எல்லாரும் நல்லவர்கள். எல்லாருக்கும் அன்று ஏதோ வேலை இருந்தது.

மாடத்தி மட்டும் ஒரே கேள்விதான் கேட்டாள். "சும்மா உக்காரத்தான டீச்சரம்மா? அந்த வண்டியில ஏறச் சொல்ல மாட்டியள்ல? எனக்கு அதுல ஏறினாலே கொடலப் பொரட்டும்."

"உக்காரத்தான்" என்று நீ சத்தியம் செய்தாய்.

அந்தச் சனிக்கிழமை அடுத்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்காரப் போனோம். நாம், ராவுத்தர், மாடத்தி, அவளோடு சில பெண்கள். சிப்பாய் எங்கோ வடக்கத்திக்காரன், சின்ன வயசு. மாடத்தி முன்னால் வந்து நின்று, விரல்களைக் குவித்து வாயில் வைத்துப் புகை ஊதுவது போலக் காட்டினான். வைக்கோலில் நெருப்பு பட்டுவிடக் கூடாதே, பீடி உண்டா என்று கேட்கிறான். அவள் மடியை உதறிக் காட்டினாள். அவன் துப்பாக்கியை ஒரு பக்கம் நகர்த்தி வழிவிட்டான். அவள் எந்தத் தெரு என்று அவனுக்குத் தெரியாது. அந்த ஊரிலேயே அதைக் கேட்காத ஒரே ஆள் துப்பாக்கி வைத்திருந்தவன்தான்.

வைக்கோலுக்கு முன்னால் வாசல் ஓரத்தில் உட்கார்ந்தோம். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்தார். "டிக்கெட் இல்லாதவா எல்லாம் வெளியே!"

எல்லாரும் கையை நீட்டினோம். மாடத்தி அந்த அட்டையின் ஓரத்தைத் தேளைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். "பாத்துக்கிடுங்க சாமி. என்னப் பெத்தவருக்குக் கெடையாத மரியாதை இந்த அட்டைக்கு."

அவர் பலகையைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், திரும்பிப் போனார். நாம் ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். ரயில் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே மறுபடி வந்தார்.

"பிரயாணிகள் எல்லாம் ஏறலாம். ஏறாதவா டிக்கெட் செல்லாது. அப்புறம் உள்ளே உட்கார அதிகாரம் இல்லை."

இதை நாம் யோசிக்கவே இல்லை. அத்தனை படித்த நீயும் நானும் பிரயாணி என்றால் பிரயாணம் போக வேண்டும் என்பதை மறந்துவிட்டோம். மாடத்தி உன்னைப் பார்த்த பார்வை! "ஏறுவோம்" என்றாய். ஏறினோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, உன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அங்கே இறங்கி, கால்வாய்க் கரையோடு எல்லாரும் மழையில் திரும்பி நடந்தோம். அந்த வாரம் நீயும் நானும் வீட்டுக்குப் போகவில்லை. வழுக்கி விழுந்த ராவுத்தரைத் தூக்க எல்லாரும் குனிந்ததும், யார் யாரைத் தொட்டார்கள் என்று யாருக்கும் தெரியாமல் போனதும் நினைவிருக்கிறதா? நீ இருந்தால்தானே. நினைவு வைத்துக்கொள்ள இனி நான் ஒருத்திதான்.

அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்கடுத்ததும். நாம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்றப் பிரயாணிகளும் மெல்ல நுழைந்தார்கள். சிப்பாயால் எல்லார் மடியையும் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் யாரோ பற்றவைத்த பீடியைக் கண்டு கண்டிராக்டர் அலறினான். கொஞ்ச நாளில் கூட்ஸ் வண்டி நிற்கும் இடத்தில் தகரக் கொட்டகை ஒன்று எழும்பியது. வைக்கோல் அங்கே போயிற்று, சிப்பாயும் அங்கே போனான். நம்முடைய நியாயம் ஜெயிக்கவில்லை. பீடிக்குப் பயந்தார்கள். நான் அப்படிச் சொன்னபோது, "எப்படிப் போனா என்ன, போச்சுல்லா" என்று நீ சந்தோஷமாக இருந்தாய். ஒரு வாரம் இருந்தாய்.

மறு சனிக்கிழமை கொட்டகை கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. நடுவில் பெரிய வீட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நடவுக்கு அடுத்த ஊர் போக டிக்கெட் வாங்கிக்கொண்டு மாடத்தி வந்தாள். இப்போது பழகிவிட்டதே, உரிமையோடு படி ஏறினாள்.

"அங்கன தள்ளி நில்லுட்டி. வைக்கல்தான் போயிருக்கு, ஊரு போகல" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். மாடத்தியும் சிரிக்கப் பார்த்தாள். பிறகு இறங்கி வேப்பமரத்தடிக்குப் போனாள்.

நமக்கு ஓரத்தில் இடம் விட்டிருந்தார்கள். நீ உட்காரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவளோடு நின்றாய். நானும் வந்தேன். மழைக்குள் என்னிடம் கேட்டாய்: "ஏட்டி, நாம வைக்கலை எடுத்தது யாருக்கு?"

அப்புறம் நீ கொட்டகைக்குள் கால் வைக்கவே இல்லை. ஊரிலிருந்து மிஷன் மேலிடத்துக்குப் புகார் போயிற்று. சர்க்காருக்கு விரோதமாக ஆள் சேர்க்கிறாள் என்று. சேர்த்தது இரண்டு பேரும். ஆனால் பேசியது நீ, அதனால் மாற்றலும் உனக்கு. வள்ளியூர்ப் பக்கம், ரயிலே இல்லாத ஊர். "இனி எனக்குக் கொட்டகைத் தொல்லை இல்ல" என்று மாட்டுவண்டியில் ஏறும்போது சொன்னாய். போன வருஷக் காய்ச்சல் அங்கே உன்னைக் கொண்டுபோயிற்று. எனக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது உன் மேல் போட்ட மண் காய்ந்திருக்கும். இங்கே மாடத்தியையும் அதே காய்ச்சல்தான் கொண்டுபோயிற்று. நீ போன பிறகும், அவள் போன பிறகும், சனிக்கிழமைதோறும் நான் வெளியே நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. படித்த கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

இனி நேற்றுக்கு வருகிறேன்.

மாடத்தியின் மருமகள் வந்தாள். இடுப்பில் புதுப் பிள்ளை, இரண்டாவது. முதல் பிள்ளை பிழைத்துவிட்டது, ஓடித் திரிகிறது. இதற்கும் ஆஸ்பத்திரிதான். மரம் ஒழுகியது. பிள்ளை இருமியது. "உள்ள போவோமா?" என்றேன்.

"வேண்டாம் டீச்சரம்மா. ஒங்களுக்கு என்ன, நாளைக்கு எங்க தெருவுக்குல்லா வருவாவ."

அவள் சொன்னது உண்மை. பிள்ளை மறுபடி இருமியது, இழுத்து இழுத்து. அவள் அதன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தாள். "எங்கத்த இதுல உக்காந்திருக்காள்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள்தான் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணாச்சி நரைத்துப்போயிருக்கிறார். எழுந்தார், வெளியே போனார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கொட்டகை முழுக்கக் காலி, ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் மழையில். உள்ளே நாங்களும், மூலையில் துண்டுக்கட்டோடு கிழட்டு ராவுத்தரும்.

"வே அண்ணாச்சி, எடம் நெறையக் கெடக்கே, உள்ள வாரும்வே" என்று அவர் கூப்பிட்டார். யாரும் திரும்பவில்லை.

ரயில் வந்ததும் எல்லாரும் ஒரே பெட்டியில்தான் ஏறினோம், எப்போதும் போல. நிற்க இடமில்லாமல் அண்ணாச்சியின் நனைந்த வேட்டி அவள் முழங்காலில் சொட்டிக்கொண்டே வந்தது. பெட்டிக்குள் அவருக்குத் தீட்டு நினைவு வரவில்லை.

அவள் தெருவில் என்ன நடக்கும் என்று தெரியாது. நாளை திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு முன் அங்கேதான் போகப் போகிறேன். எனக்கும் மாற்றல் வரலாம். வரட்டும். அடுத்த சனிக்கிழமை இந்த ஊரில் இருந்தால் மறுபடி அந்தப் பெஞ்சுக்குத்தான் போவேன்.

நேற்று நான் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. ரயில் வரும்வரை அசையாமல் இருந்தேன். நீ சொன்னது தப்பு. எனக்கும் உட்காரத் தெரியும். உனக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தேன்.