கடல் தாண்டக் கூடாத காசு

நான் அப்போதே சொன்னேனா இல்லையா? சுதன் வருவான், சொந்தக் காலில் நடந்து வருவான், வந்ததும் என் வீட்டுக் கதவைத் தட்டுவான் என்று வெள்ளவத்தையில் உம்முடைய லொட்ஜ் அறையில் நின்று அடித்துச் சொன்னேன். லொட்ஜ் முதலாளி சாட்சி. சண்டை இப்படி இழுபடும் என்றும் சொன்னேன், சீனி விலை ஏறும் என்றும் சொன்னேன். எல்லாம் சொன்னபடியே நடந்தது. இன்று காலை உமது மகன் கொட்டாஞ்சேனையில் என் வாசலில் வந்து நின்றான். நீர் கண்ணை மூடி நாலு மாதம். அந்த ஒன்றைத்தான் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அவன் மேசையில் வைத்த மஞ்சள் துணி முடிச்சு இப்போதும் என் முன்னால் கிடக்கிறது. மஞ்சள் வெளிறித் தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. கற்பூர வாசமும் உமது அறைச் சுவரின் ஈர வாசமும் சேர்ந்து வருகின்றன. உள்ளே இருப்பது நான் தந்த வெள்ளிக்காசு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நாம் பழகியதே பொலிஸ் பதிவு வரிசையில்தானே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்குகிறவர்கள் எல்லாரும் பதிய வேண்டும். நீர் முப்பது வருடம் தபாற்கந்தோரில் இருந்த மனிதர்; ஆனால் சிங்களத்தில் பெயர் கேட்டால் விலாசம் சொன்னீர். நான் துறைமுகத்தில் கப்பல் சாமான் தூக்கும் வின்ச் ஓட்டியவன். படித்தது எட்டாம் வகுப்பு, ஆனால் அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. முன்னால் போய், "மேயா அப்பே கெனெக், சேர்," இவர் நம்முடைய ஆள் என்று ஒரு போடு போட்டேன். பொலிஸ் சாஜன் எழுந்து நின்று எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். நீர் பக்கத்தில் இருந்துகொண்டு, "அந்தாள் தனக்கெல்லோ ஊத்தினவர்!" என்று சிரித்தீர். என் வீட்டில் நான் வாயைத் திறந்தால் மனுசி ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். நீர் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பீர். "உம்மடை கதையிலை பாதியை நான் நம்புறேல்லை, ஐசே. எந்தப் பாதி எண்டுதான் பிடிபடுதில்லை," என்பீர்.

காசின் கதையையும் அப்படித்தான் கேட்டீர். இந்திய வெள்ளி ரூபாய். அந்நாளில் இலங்கையிலும் அதுதான் ஓடியது. ஒரு பக்கம் முடி சூடிய இங்கிலாந்து ராசா. அவருடைய மேலங்கியில் ஒரு குட்டி யானை. அச்சு வெட்டியவன் தும்பிக்கையைக் கட்டையாக வெட்டிவிட்டான். காசைப் பார்த்த சனம், இது யானை இல்லை, பன்றி, எங்கள் மார்க்கத்தை இழிவுபடுத்தத்தான் போட்டிருக்கிறார்கள் என்று கொதித்தது. அரசாங்கம் பயந்து, பெரும்பாலான காசுகளை உலையில் போட்டு உருக்கி, யானையைத் திருத்திப் புதிதாக அடித்தது. இவ்வளவும் செட்டியார் தெருத் தட்டார் ஒருவர் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்னது. இதை என் பாட்டனுக்குக் கவர்னர் தோளில் தட்டிக் கொடுத்தார். சரி, தட்டவில்லை, பக்கத்தில் நின்றார். நீர் காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பண்டியுமில்லை, யானையுமில்லை. அச்சொட்டா என்ரை மாமியார்," என்றீர். சுதன் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்த மாதம் ஒரு காலை ஆமியும் பொலிஸும் லொட்ஜைச் சுற்றி வளைத்து இளவட்டங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனும் போனான். தெற்கே ஏதோ ஒரு முகாம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நான் இந்தக் காசோடு ஓடி வந்தேன். "உலைக்குத் தப்பின காசு இது. இதைப் போல உம்மட பிள்ளையும் தப்பி வருவான், துணியில முடிஞ்சு வையும்," என்றேன். நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவன். நேர்த்திக்குக் காசு முடிகிற வழக்கம் உம்முடையது. நீர் துணியை மஞ்சளில் தோய்த்து, காசை வைத்து முடிந்து, பிள்ளையார் படத்தின் முன்னால் வைத்தீர். காரியம் நிறைவேறினால் முடிந்தவரே அவிழ்த்து உண்டியலில் போட வேண்டும் என்றீர்.

எட்டு மாதம் கழித்து ஒரு மாலை, தண்டவாளத்துக்கு அப்பால் கடற்கரைக் கல்லில் இருந்தோம். நீர் வாங்கிய கடலையை நான்தான் தின்றுகொண்டிருந்தேன்.

"கனடா விசா குத்தியாச்சு, ஐசே. மகள் டிக்கெட்டும் அனுப்பிப்போட்டாள். இஞ்சை வாங்கோ, உங்கடை கால் புண்ணையும் டொக்டருக்குக் காட்டுவம், இஞ்சை இருந்தே தம்பிக்கு லோயர் பிடிப்பம் எண்டு நிக்கிறாள்."

"அப்ப காசு?" என்றேன்.

"என்ன காசு?"

"நீர் முடிஞ்சது. அதை முடிஞ்ச ஆள் கடல் தாண்டப்படாது."

"கோயில்லை அப்பிடி ஒருதரும் சொல்லேல்லையே."

"கோயிலுக்குத் தெரியாது. இது இந்தக் காசிட குணம். எங்கட பாட்டன் தன்ட தம்பிக்காக இதை மாதாவுக்கு நேர்ந்து வச்சவர். தம்பி சண்டைக்குப் போனவன். நேர்ந்துபோட்டு இவர் ரங்கூனுக்குக் கப்பலேறினார். தம்பி வரவே இல்ல."

ரயில் ஒன்று போய் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தீர். எந்தப் பாதி என்று அன்றைக்கு நீர் கேட்கவில்லை. "அப்ப நான் நிக்கிறன்," என்றீர்.

அந்த நிமிடம் என் நெஞ்சுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அடுத்த ஞாயிறும் என் கதையைக் கேட்க நீர் இருப்பீர், அதற்கடுத்த ஞாயிறும் இருப்பீர் என்ற சந்தோசம்.

மகள் லொட்ஜுக்கு ஃபோன் எடுத்து அழுதாள், ஏசினாள். விசா காலாவதியானது. உமது காலில் சீனி வியாதிப் புண் பெருத்தது. பெரியாஸ்பத்திரி வார்ட்டில் கட்டில் இல்லாமல் பாயில் கிடந்தீர். நான் பக்கத்துப் பாய்க்காரருக்குக் கவர்னர் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் மெதுவாச் சொல்லும், ஐசே," என்றீர். அதுதான் நீர் என்னோடு கடைசியாகக் கதைத்தது. கனத்தைச் சுடலையில் கொள்ளி வைக்க ஒரு தூரத்து உறவுக்காரர் வந்தார். அங்கேயும் நான் சும்மா இருந்தேனா? மகனுக்காகக் கனடாவையே உதறிய தகப்பன் என்று நாலு பேருக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

இன்று காலை சுதன் கதிரை நுனியில் இருந்தான். பாதியாய் மெலிந்துவிட்டான்.

"அங்கிள், முடிஞ்ச ஆள் இல்லையெண்டா ஆர் அவிழ்க்கிறது?"

"நீ அவிழ்க்கலாம். வந்திட்டாய்தானே."

அவன் அவிழ்க்கவில்லை. சேர்ட் பொக்கற்றிலிருந்து உமது சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்தான். தந்திப் படிவம் நிரப்புகிற உமது மணியான கையெழுத்து: 'இக்காசை முடிந்தவர் கடல் தாண்டலாகாது.'

"இது உண்மையே, அங்கிள்?"

நல்ல தருணம் ஒன்றைக் கடவுள் தட்டில் வைத்து நீட்டினார். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "உண்மைதான் மகன். நீ வந்து நிக்கிறாய், இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "அப்ப என்னாலைதான் அப்பா போகேல்லை. போயிருந்தா அங்கை காலைச் சுகப்படுத்தியிருப்பினம். அக்கா சொல்லுறது சரிதான்."

தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்தான். வியாழக்கிழமை அவனுக்குப் பயணம், அக்காவிடம்தான். "நீங்களே கோயில்லை போட்டுவிடுங்கோ," என்று முடிச்சை விட்டுவிட்டுப் போனான். தகப்பனைக் கொன்றவன் தான்தான் என்ற நினைப்போடு அந்தப் பிள்ளை விமானம் ஏறப் போகிறான். அது அவன் சுமக்க வேண்டியதல்ல.

நாளை வெள்ளவத்தைக்குப் போய் அவனிடம் சொல்ல வேண்டியதை மத்தியானத்திலிருந்து எழுதி எழுதிக் கிழிக்கிறேன். நான்கு தரம் எழுதினேன். நான்கு தரமும் ஒரு கப்பலோ ஒரு கவர்னரோ எப்படியோ உள்ளே ஏறிவிடுகிறார். உண்மையைத் தனியே, கையில் ஒன்றும் கொடுக்காமல் வெளியே அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே முதலில் உம்மிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் காசுக்கு அப்படி ஒரு குணமும் கிடையாது. கடல் தாண்டக் கூடாது என்பது, அந்தக் கல்லில் இருந்து கடலை தின்றபடி நான் கட்டிய கதை. என் பாட்டன் ரங்கூனுக்குப் போகவில்லை. அவருக்குத் தம்பியும் இல்லை.